பதினோரு கதவுகள்

ராஜகனியின் இடது கையில் கட்டியிருந்த பட்டை இரண்டாவது வாரமும் சிவப்பாகவே எரிந்தது. அடுத்த திங்கட்கிழமையும் அதே நிறம் என்றால் உப்பளத்து வாசலில் இருக்கும் தானியங்கிக் கதவு அவளுக்குத் திறக்காது. இருபத்தாறு வருசம் உப்பு வாரிய பாத்திகளை வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

பட்டை பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. இரண்டு விரல் அகலம், ரப்பர் மாதிரி வழவழப்பு, உள்பக்கம் கடுகளவு ஒரு கண். அந்தக் கண் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் அழுத்தம் எவ்வளவு என்று எழுதி எங்கோ மேலே அனுப்பிவிடும். முன்பெல்லாம் ஆஸ்பத்திரியில் கையைச் சுற்றித் துணியைக் கட்டிப் புஸ் புஸ்ஸென்று காற்றடித்து ஒரு தடவை பார்ப்பார்கள். டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே சிலருக்கு ஏறும். வராந்தாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆறியதில் சிலருக்கு இறங்கிவிடும். பட்டையிடம் அந்தப் பாச்சா பலிக்காது. குளிக்கும்போதும் எழுதும், தூங்கும்போதும் எழுதும், பக்கத்து வீட்டுக்காரியோடு குழாயடியில் மல்லுக்கு நிற்கும்போதும் எழுதும்.

வெயில் நாற்பத்தாறு டிகிரியைத் தாண்ட ஆரம்பித்த பிறகு வந்த சட்டம் அது. கல்குவாரி, செங்கல் சூளை, உப்பளம் என்று வெட்டவெளியில் நிற்கிறவர்கள் நின்ற இடத்திலேயே விழுந்து செத்தார்கள். அரசாங்கம் வெப்பத்தொழில் வாரியம் என்று ஒன்றை உண்டாக்கியது. ரத்தக்கொதிப்பு உள்ள உடம்பை வெயிலில் இறக்கக் கூடாது என்றது வாரியம். நல்ல எண்ணம்தான். குறை சொல்ல முடியாது.

"ராசகனி, அடுத்த திங்களும் செவப்புன்னா நான் ஒண்ணுஞ் செய்ய முடியாது பாத்துக்க" என்றார் கங்காணி தங்கபாண்டி. நாற்பது பெண்களை மேய்க்கிற ஆள். "கேட்டு தன்னால அடச்சிக்கிடும். அண்ணாச்சி நொண்ணாச்சின்னு எங்கிட்ட வந்து நிக்கப்பிடாது."

"நான் எதுக்கு ஒம்மகிட்ட வந்து நிக்கேன்? செவப்பு செவப்புங்குதே, ஏன் செவப்புன்னு அது சொல்லுமாங்கேன்."

"பிரஷரு."

"எனக்குத் தலவலி கெடையாது, கிறுகிறுப்பு கெடையாது. நாலு பாத்தி வாரிட்டு அஞ்சாவது பாத்திக்கு ஒம்ம ஏசிக்கிட்டே போறேன். எங்கேருந்து வந்திச்சி பிரஷரு?"

"சொல்லிக்கிட்டா வரும் அது? வேன்ல வாற பிள்ளகிட்ட கேளு. எனக்கென்ன தெரியும்?"

ஒரு காரியம் ஏன் நடக்கிறது என்று தெரியாவிட்டால் ராஜகனிக்குச் சோறு இறங்காது. பாத்தியில் ஒருநாள் உப்பு பொடியாக விழுந்தால் மற்றவர்கள் பேசாமல் வாரிப்போட்டுவிட்டுப் போவார்கள். அவள் குனிந்து தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, காற்று எந்தப் பக்கம் அடித்தது, எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று நாலு பேரிடம் கேட்டு உயிரை எடுப்பாள். இப்போது உயிரை எடுப்பதற்குப் பட்டைக்கு வாய் இல்லை.

அவள் எண்ண ஆரம்பித்தாள். அளத்தில் பாத்தி வேலை பார்க்கிற பெண்கள் நாற்பது பேர். அதில் முப்பத்தோரு பேர் சிவப்பு. ஒன்பது பேர் மஞ்சள். பச்சை ஒன்றுகூட இல்லை. பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி இருந்தாள், ஓடினால் பிடிக்க முடியாது, அவளுக்கும் சிவப்பு. ஆனால் பாக்கெட் கொட்டகையில் உப்பை உறையில் போட்டு ஒட்டுகிற மூன்று பேருக்கும் பச்சை. அதில் ஒருத்தி பாக்கியம். பத்து வருசமாகப் பிரஷர் மாத்திரை விழுங்குகிறவள். கொட்டகைப் படி ஏறினாலே மூச்சு வாங்குவாள்.

"ஏட்டி எப்சிபா, பாக்கியத்துக்குப் பச்சைன்னா எனக்கு எப்பிடிட்டி செவப்பு?"

எப்சிபா பக்கத்துப் பாத்திக்காரி, ராஜகனி தெருவில் நாலாவது வீடு. "அவ மாத்திர போடுதா எக்கா. நாம கருவாட்டக் கடிச்சிட்டுக் கஞ்சி குடிக்கோம். வேன்ல படம் ஒட்டிருக்குல்லா, பாக்கலியா? உப்ப வெட்டுன்னு போட்டுருக்கு. நான் நேத்தைலேர்ந்து நிப்பாட்டிட்டேன்."

வேனின் பக்கவாட்டில் உண்மையிலேயே அப்படி ஒரு படம் இருந்தது. ஒரு உப்பு டப்பா, அதன் குறுக்கே சிவப்புக் கோடு. கீழே, உப்பைக் குறைப்போம், உயிரைக் காப்போம் என்ற வாசகம். ஏசி அறையில் உட்கார்ந்து சிப்ஸ் தின்கிறவனுக்காக எங்கோ யாரோ வரைந்தது. உப்பளத்துப் பெண்கள் அதைத் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். வேலை போய்விடும் என்ற பயம் வந்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்கூட முழுசாகக் கீழ்ப்படிந்துவிடுகிறாள்.

அந்த வாரம் முழுக்க அவர்கள் உப்பில்லாக் கஞ்சி குடித்தார்கள். கருவாடு இல்லை, ஊறுகாய் இல்லை. முழங்கால் வரை உப்புத் தண்ணீரில் நின்று, வாருபலகையால் உப்பை இழுத்து, கூடை கூடையாக அம்பாரத்தில் கொட்டி, உதட்டில் வடிகிற வியர்வையைக்கூட நக்காமல் துப்பினார்கள். உடம்பிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு குடம் வியர்வை போகிற வேலை அது. போனது போனதுதான், உள்ளே எதுவும் வரவில்லை.

எப்சிபாவுக்கு மூன்றாம் நாள் மஞ்சள் வந்தது. ஐந்தாம் நாள் பச்சை. கையைத் தூக்கித் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள். "பாத்தியளா, உப்புதான் காரணம்!" ராஜகனியும் நாக்கைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். அவள் பட்டை மட்டும் கொஞ்சங்கூட அசைந்து கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு எப்சிபா விழுந்தாள்.

கூடையைத் தலைக்கு ஏற்றும்போதே கால் பின்னியது. கூடையோடு வரப்பில் சரிந்தாள். ராஜகனி வாருபலகையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். கன்னத்தைத் தட்டினாள். உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. கண் எங்கோ போயிருந்தது. கையில் கட்டியிருந்த பட்டை மட்டும் முகூர்த்த வீட்டு விளக்கு மாதிரி பச்சைப் பசேலென்று எரிந்துகொண்டிருந்தது.

நல்லகாலம், வாரத்துக்கு ஒருமுறை வருகிற பரிசோதனை வேன் அன்றைக்கு முன்னதாகவே வந்து வாசலில் நின்றிருந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வேனில் இருந்தவள் ஜமீலா. காயல்பட்டினத்துப் பெண், நர்சிங் படித்தவள், முப்பதைத் தாண்டாத வயசு. எப்சிபாவின் கண்ணை விரித்துப் பார்த்தாள், திரையில் ஒரு டாக்டரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசினாள், கைநரம்பில் ஊசியைச் செருகிப் பாட்டிலைத் தொங்கவிட்டாள்.

"என்ன சாப்பிட்டாங்க?"

"கஞ்சி. உப்பில்லாம."

"எத்தன நாளா?"

"ஏழு நாளா. எல்லாருந்தான். நீங்கதான படம் ஒட்டிருக்கீய?"

ஜமீலா வேனின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் படத்தை முதல் தடவையாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

"அந்தப் பாட்டில்ல என்ன இருக்கு?" என்று கேட்டாள் ராஜகனி.

"உப்புத் தண்ணிதான்கா."

"வாய் வழியா வேண்டாம்ன, ஊசி வழியா ஏத்துத. நல்லாருக்கு கத. ஏம்மா, சாவக் கெடக்கவளுக்குப் பச்ச எரியுதே, அது என்ன லட்சணம்?"

ஜமீலா உதட்டைக் கடித்தாள். "அழுத்தம் கூடுறதப் பாக்கத்தான்கா இது வந்துச்சு. கொறையுறதப் பாக்கச் சொல்லி யாரும் இதுக்குச் சொல்லிக்கொடுக்கல. எவ்வளவு கொறஞ்சாலும் நல்லதுன்னு நெனச்சுக்கும்."

அரை பாட்டில் இறங்கியதும் எப்சிபா கண்ணைத் திறந்தாள். தன் கையைத்தான் முதலில் பார்த்தாள். பச்சை இருக்கிறதா என்று. ராஜகனிக்கு அவளை ஓங்கி ஒரு அறை வைக்க வேண்டும் போல இருந்தது.

ஒன்பது மணிக்குப் பெண்கள் வேனின் முன் வரிசையில் நின்றார்கள். வாரப் பரிசோதனை. கங்காணி தங்கபாண்டி வேன் கதவருகில் தோளில் துண்டோடு நின்றார். ராஜகனி வரிசையில் நிற்கவில்லை. எப்சிபாவின் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"பிள்ள, எனக்கு இன்னைக்கு மூணாவது செவப்பு. போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் காட்டு. அது என்னத்த எழுதிருக்குன்னு நான் பாக்கணும்."

"எழுத்து இல்லக்கா, கோடுதான் வரும்."

"கோட்டக் காட்டு."

ஜமீலா திரையைத் திருப்பினாள். மேடும் பள்ளமுமாக ஒரு கோடு ஓடியது. அடியில் மணி நேரம். திரையின் ஒரு பகுதி சாம்பல் நிறத்தில் இருந்தது.

"நல்ல ஒடம்புல தூங்கும்போது அழுத்தம் எறங்கணும்கா. நூத்துக்குப் பத்தாவது எறங்கணும். ரத்தக்குழாய்க்கு அதுதான் ஓய்வு. பகல் பூரா ஏறினாலும் ராத்திரி எறங்கிட்டா பரவால்ல. ஒங்களுக்கு ராத்திரி எறங்கவே இல்ல. பகலவிட ராத்திரி கூடுது. இது ஆபத்து. அதான் செவப்பு."

"இந்தச் சாம்பல்தான் ராத்திரியா?"

"ஆமா. பத்து மணிலேர்ந்து ஆறு மணி."

ராஜகனி விரலை நீட்டித் திரையைத் தொட்டாள். சாம்பல் பகுதியின் பாதியில் கோடு செங்குத்தாக ஏறி அங்கேயே நின்றது.

"ரெண்டர மணிக்கு நீ என்ன பண்ணுவ?"

"தூங்குவேன்."

"நான் பாத்தியில நிப்பேன். முப்பது கிலோ கூடை தலையில இருக்கும். ரத்தம் எறங்கணும்னா எங்கிட்டு எறங்கும்?"

ஜமீலாவுக்குப் புரியவில்லை. "ஆறு மணிக்குத்தானக்கா வேலை? பதிவுல அப்படித்தான் இருக்கு. ஆறிலேர்ந்து ரெண்டு."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சந்தோசமில்லாத சிரிப்பு. ஒருத்தி சொன்னாள், "ரெண்டு மணி வெயில்ல நின்னா கருவாடா காஞ்சிருவோம் தாயி."

ஒரு காலத்தில் ஐந்து மணிக்கு இறங்கினார்கள். வெயில் முந்திக்கொண்டு வர வர, வேலையும் முன்னால் நகர்ந்தது. நாலு மணியானது, மூன்றானது, இப்போது இரண்டரை. ஒவ்வொரு கோடையும் அரைமணி நேரம் இருட்டுக்குள் போனார்கள். காகிதத்தில் மட்டும் பழைய நேரம் அப்படியே கிடந்தது. வாரத்துக்கு ஒருமுறை ஒன்பது மணிக்கு வருகிற ஜமீலாவுக்கு அது தெரிய வழியில்லை.

"பாக்கியத்துக்கு ஏன் பச்சைன்னு இப்பம்லா தெரியுது" என்றாள் ராஜகனி. ஒரு வாரமாகத் தொண்டையில் நின்ற முள் இறங்கியது போல இருந்தது அவளுக்கு. "கொட்டகைக்காரிய எட்டு மணிக்கு வருவாளுவ. ராத்திரி ஒழுங்கா ஒறங்குதாளுவ. ஏம்மா, நான் ஒறங்கலன்னு இந்தப் பட்டைக்குக் கூடவா தெரியாது?"

"பட்டைக்குத் தெரியும். கை அசையுறது, நடக்குறது எல்லாம் அதுல இருக்கு. ஆனா நெறம் போடுறது பட்டை இல்லக்கா. மேல ஒரு விதி இருக்கு. அந்த விதிக்கு ராத்திரின்னா பத்து டு ஆறு."

"யாரு ராத்திரி அது?"

ஜமீலா திரையின் சாம்பல் பகுதியைப் பார்த்தாள். "என் ராத்திரி" என்றாள் பிறகு.

திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. இரவுப் பணியாளர் என்று எழுதி, பக்கத்தில் ஆம், இல்லை. நாற்பது பேருக்கும் 'இல்லை' என்று இருந்தது. ஆம் என்று மாற்றினால் விதி அவரவர் தூங்கிய நேரத்தை எடுத்துக்கொண்டு மறுபடி நிறம் போடும். அதற்குத் தொழிலாளியின் கட்டைவிரல் வேண்டும், பரிசோதிக்கிறவரின் கட்டைவிரல் வேண்டும். அவ்வளவுதான்.

கங்காணி உள்ளே தலையை நீட்டினார். "ஏம்மா, அதத் தொடாதீங்க. கம்பெனி உத்தரவு இருக்கு."

"என்ன உத்தரவு?"

"ராத்திரி வேலைன்னு பதியக் கூடாதுன்னு. பொம்பளையாள ராத்திரி வேலைக்கு வச்சா வீட்டு வாசல்லேர்ந்து வண்டி விடணும், பாத்தி முழுக்க லைட்டு போடணும், காவலுக்கு ஆள் வைக்கணும். சட்டம் அப்பிடி. கம்பெனி செய்யுமா? பொம்பளையாளே வேண்டாம், வாருற மிஷின வாங்கிப் போடுன்னு போயிருவான். நாப்பது வீட்டுலயும் மண்ணு விழும். யோசிச்சிச் செய்யுங்க."

"மிஷினு அங்ஙன கெடக்கு பாரும் அண்ணாச்சி" என்று ராஜகனி வரப்போரம் கையைக் காட்டினாள். போன வருசம் வாங்கி இறக்கிய இயந்திரம் பாதி சேற்றில் புதைந்து துருவேறிக் கிடந்தது. உப்புக்கும் அடிமண்ணுக்கும் இடையில் ஒரு விரற்கடைதான். பலகை எந்த இடத்தில் அழுந்த வேண்டும், எந்த இடத்தில் வழுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. உப்போடு சேற்றையும் வாரி இரண்டே நாளில் பத்துப் பாத்தியைக் கெடுத்துவிட்டது. "அத வச்சி எங்கள மெரட்டாதீரும். இருட்டுல பாம்பு மிதிச்சிச் செத்தாளே செல்லத்தாயி, அவளுக்கு எத்தன மணிக்குக் கடிச்சதுன்னு எழுதினீரு? ஆறரைன்னு. மூணு மணிக்குச் செத்தவ ஆறரைக்கு எப்பிடிய்யா நடந்து வந்து கடிவாங்கினா?"

தங்கபாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கையிலும் ஒரு பட்டை இருந்தது. அது சாதுவாக மஞ்சளில் எரிந்தது. "நான் எழுதலளா. எழுதச் சொன்னாவ" என்றார்.

ராஜகனி எழுந்து கட்டைவிரலை வைத்தாள். ஜமீலா ஒரு நிமிசம் கங்காணியைப் பார்த்தாள், எப்சிபாவின் கையில் இறங்கும் உப்புத் தண்ணீரைப் பார்த்தாள், பிறகு தன் விரலையும் வைத்தாள்.

திரை யோசித்தது. சாம்பல் நிறம் நகர்ந்து இரண்டு துண்டானது. இரவு எட்டிலிருந்து ஒன்றரை, மதியம் ஒன்றிலிருந்து மூன்று.

நிறம் மாறவில்லை. சிவப்பு.

வேனைச் சுற்றி நின்றவர்கள் மூச்சை விட்டார்கள். "பாத்தியா" என்றார் கங்காணி. குத்திக்காட்டவில்லை, நிம்மதிப்பட்டார். "ராத்திரியும் இல்ல பகலும் இல்ல. பிரஷர்னா பிரஷர்தான். விடு ராசகனி."

ராஜகனி திரையை மறுபடி பார்த்தாள். அவள் சொன்னது எல்லாம் சரி. எங்கே பிசகியது? வரிசை கலைய ஆரம்பித்தது. வீணாகக் கம்பெனியைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் தெம்பில்லை.

"எனக்குப் போட்டுப் பாரு" என்று படுத்திருந்த எப்சிபா கையை நீட்டினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "உப்ப விடுறதுக்கு முந்தின வாரத்தப் போட்டுப் பாரு. அப்ப நான் செவப்பு."

ஜமீலா போட்டாள். சாம்பல் நகர்ந்தது. கோடு சாம்பலுக்குள் வந்ததும் மளமளவென்று இறங்கிக் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது. பச்சை.

"அப்பம் நான் ஒண்ணுமில்லாததுக்கா ஏழு நாள் செத்தேன்?" என்றாள் எப்சிபா. அழவில்லை. ஆனால் ராஜகனியின் புடவைத் தலைப்பைப் பிடித்த கையை விடவில்லை.

அதற்குப் பிறகு ஒருத்தியும் கலையவில்லை. விரலைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து வைத்தார்கள். பச்சை, பச்சை, ஒரு மஞ்சள், பச்சை. பத்தொன்பது வயசுக்காரிக்குப் பச்சை. இரண்டு பேருக்கு மட்டும் உண்மையான சிவப்பு, அவர்களை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள் ஜமீலா. கங்காணி போனைக் காதில் வைத்துக்கொண்டு அம்பாரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

ராஜகனி வேன் படியில் உட்கார்ந்திருந்தாள். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் வழி கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் வேலிக்கு வெளியே. பூட்டைத் திறந்தவளுக்கு உள்ளே இடமில்லை.

கடைசி ஆளும் போன பிறகு ஜமீலா கூப்பிட்டாள். "அக்கா, உள்ள வாங்க. ஒங்க கோட்ட இன்னொரு தடவ பாக்கலாம். எனக்கும் மண்டைய கொடையுது."

மதியத் தூக்கத்தில் கோடு அழகாக இறங்கியிருந்தது. முன்னிரவில்தான் வம்பு. எட்டுமணிக்குப் படுத்ததும் கொஞ்சம் இறங்கிற்று. பத்தரைக்கு ஒரு மேடு. பதினொன்றுக்கு ஒன்று. பன்னிரண்டைத் தாண்டினால் மேடுமேல் மேடு. ஒவ்வொரு நாளும் அப்படியே.

"படுத்துத்தான் இருக்கீங்க. கை அசையல. ஆனா ஒடம்பு எதையோ தேடிக்கிட்டே இருக்கு. தூக்கத்துல என்னக்கா செய்றீங்க?"

"தூக்கத்துல யாரு என்ன செய்வா? காதக் குடுத்துக்கிட்டுக் கெடப்பேன்."

"எதுக்கு?"

"வண்டிக்கு."

ஆட்களை ஏற்ற வருகிற வண்டிக்கு நேரம் காலம் கிடையாது. ஆறு ஊர் சுற்றி வரும். சார்ஜ் இருந்தால் ஒரு மணிக்கு வரும், இல்லாவிட்டால் இரண்டு. முன்பு டீசல் வண்டி. அது பாலம் ஏறும்போதே ஊர் முழுக்க உறுமல் கேட்கும். மின்வண்டி வந்த பிறகு சத்தமே இல்லை. புதுக் குடியிருப்புக்காரர்கள் தூக்கம் கெடுகிறதென்று புகார் எழுதிப்போட்டதில் ஹாரனும் நின்றுபோனது. தெரு முக்கில் வந்து ஐந்து நிமிசம் நிற்கும், ஆள் வராவிட்டால் போய்க்கொண்டே இருக்கும். அன்றைக்கு வேலை இல்லை. ஒருநாள் தெருவே தவறவிட்டது. அந்த நாளிலிருந்து ராஜகனி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. வீட்டில் அவள் ஒருத்திதான், புருசன் போய் ஒன்பது வருசம், மகன் கோயம்புத்தூரில். பாலத்து ஜல்லியில் டயர் நொறுநொறுவென்று வரும்போதே கேட்டுவிடும் அவளுக்கு. எழுந்து தெருவில் இறங்கிப் பதினோரு கதவையும் தட்டிக்கொண்டே முக்குக்குப் போவாள்.

"எத்தன வருசமா?"

"மின்வண்டி வந்து ஆறு வருசம் இருக்குமா?"

ஜமீலா திரையைத் தடவினாள். ராஜகனியின் தெருக்காரப் பெண்கள் பதினோரு பேரின் கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை ராத்திரி. பதினோரு கோடும் தட்டையாக, சலனமில்லாமல் கிடந்தன. மணி ஒன்று முப்பத்தெட்டு ஆனபோது, எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கோடு குதித்தது. அடுத்த அரை நிமிசத்தில் இரண்டாவது. பிறகு மூன்றாவது. படிக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாகக் குதித்துக்கொண்டே கீழே போயிற்று.

"இது யாரு முதல்ல?"

"மாடத்தி வீடு. அடுத்தது சூசம்மா. நாலாவது எப்சிபா." ராஜகனி திரையருகில் முகத்தைக் கொண்டுபோனாள். தன் தெருவை இப்படி அவள் பார்த்ததில்லை. "அட, ஏழாவது கொஞ்சம் பிந்துது பாரு. அவ ரெண்டு தட்டு தட்டுனாத்தான் முழிப்பா, எரும."

"அக்கா, இவங்க பதினோரு பேரும் இவ்வளவு நல்லாத் தூங்குறது நீங்க முழிச்சிருக்கீங்கன்னுதான். அவங்களுக்கு ஏற வேண்டியதெல்லாம் ஒங்களுக்கு ஏறியிருக்கு."

ராஜகனி முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை விரலை ஓட்டினாள். அப்புறம் கேட்டாள், "அப்பம் இது சீக்கு இல்லியா?"

"இப்படியே போனா சீக்காயிடும். மூளையில ரத்தக்குழாய் வெடிச்சாக்கூட ஆச்சரியமில்ல." ஜமீலா அதைப் பூசி மெழுகாமல் சொன்னது ராஜகனிக்குப் பிடித்திருந்தது. "காரணம் தெரிஞ்சா ஒரு மாசம் தவணை தரலாம்னு விதியில இருக்கு. நான் எழுதுறேன். என்ன எழுதட்டும்?"

"உள்ளத எழுது. வண்டிக்கு நேரமில்லன்னு எழுது."

ஜமீலா எழுதினாள். அதோடு பதினோரு கோட்டையும் இணைத்தாள். எந்த மணிக்கு எத்தனை பெண்களின் ரத்தம் பாத்தியில் நின்றது என்று நாற்பது பேரின் கணக்கும் ஏற்கெனவே வாரியத்தின் கையில்தான் இருந்தது. யாரும் அதைப் படிக்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். பொம்பளைகள் வாயால் சொல்லியிருந்தால் சாட்சி எங்கே என்று கேட்டிருப்பார்கள்.

இதனால் உலகம் புரண்டுவிட்டது என்று சொன்னால் அது பொய். பாத்திக்கு விளக்கு வரவில்லை, மூன்று கம்பம் நட்டுவிட்டுப் போனார்கள். காவலுக்கு ஆளும் வரவில்லை. ஜமீலாவை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள், அவள் இடத்தில் வந்தவன் திரையை யாருக்கும் திருப்பிக் காட்டுவதில்லை. வேனில் இருந்த படத்தை மட்டும் அவள் போகும்போது கிழித்துவிட்டுப் போயிருந்தாள். ஆனால் வண்டிக்கு நேரம் வந்தது, செலவில்லாத காரியம் அது ஒன்றுதான் என்பதால். சரியாக ஒன்று ஐம்பதுக்குத் தெருவுக்குள்ளேயே வந்து, வாசலுக்கு வாசல் நின்று, மெதுவாக ஒரு மணி அடிக்க வேண்டும் என்று உத்தரவு.

முதல் வாரம் ராஜகனி பத்தரைக்கே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். இரண்டாவது வாரமும் அப்படித்தான். வண்டி சொன்ன நேரத்துக்கு வந்து மணி அடிக்கும்போது, அவள் வாசலில் தூக்குவாளியோடு நின்றிருப்பாள். உடம்புக்கு உத்தரவு போய்ச் சேர நாள் பிடித்தது. பட்டை சிவப்பிலேயே இருந்தது. தவணையில் ஒன்பது நாள் பாக்கி.

அந்த வாரத்தில் ஒருநாள் ராஜகனி கண்ணைத் திறந்தபோது முகத்தில் வெயில் அடித்தது.

அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கூரை ஓட்டின் இடுக்கு வழியாக மஞ்சளாக ஒரு கோடு தலையணையில் விழுந்திருந்தது. தன் வீட்டுக்குள் காலை வெயில் எந்த இடத்தில் விழும் என்று அவளுக்கு இத்தனை வருசம் தெரியாது. பாய்க்கும் சுவருக்கும் நடுவில் தூசி பறப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுரீரென்று உறைத்தது. அடித்துப் பிடித்து எழுந்து கதவைத் திறந்தாள். தெரு காலியாக இருந்தது. தெருப்பெண்கள் போய் நேரம் எவ்வளவோ ஆயிற்று.

பத்து மணிக்கு மேல் எப்சிபா வேலை முடிந்து வந்தாள். கையில் கருவாட்டுப் பொட்டலம். ராஜகனி வாசலிலேயே காத்திருந்தாள்.

"ஏட்டி சண்டாளி! பதினோரு கதவ ஆறு வருசம் தட்டுனேனே, ஒரு நாளு என் கதவத் தட்டுனா ஒங்க கை முறிஞ்சா போவும்?"

"தட்டத்தான் வந்தேன்" என்றாள் எப்சிபா. "சன்னல் வழியாப் பாத்தேன். கையில பச்ச எரிஞ்சிச்சி. வண்டிக்காரன் ரெண்டு தடவ மணி அடிச்சான், மாடத்தி கத்துனா. நீ அசையல."

"அசையலன்னா எழுப்ப வேண்டியதான? செத்துக் கிடந்தேன்னா?"

"பச்சைய நம்புவேனா நான்?" எப்சிபா பொட்டலத்தை அவள் மடியில் போட்டாள். "கதவத் தள்ளிட்டு உள்ள வந்து மூக்குல வெரல வச்சிப் பாத்தேன். மூச்சு நல்லா வந்திச்சி. அப்புறம்தான் கதவச் சாத்திட்டுப் போனேன்."